பெங்களூர்ல பிசிஓஎஸ்ஸுக்கு நல்ல டயட்டீஷியன் தேடுறவங்களுக்கு

பிசிஓஎஸ்னா பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம், பொண்ணுங்களுக்கு ஹார்மோன் மாறி பீரியட்ஸ் தடுமாறுற பிரச்சனை. ஸ்கேன் ரிப்போர்ட்ட பாத்துட்டு டாக்டர் "பிசிஓஎஸ் இருக்கு, வெயிட் கொறைங்க, சாப்பாட்ட பாத்துக்கோங்க"ன்னு ரெண்டு வரியில சொல்லி அனுப்பிடுவாங்க, வெளிய வந்து ஆட்டோவுல உக்காந்ததுமே ஃபோன்ல தேட ஆரம்பிச்சிடுவோம், தேடுன அஞ்சாவது நிமிஷத்துல இருந்து பவுடர் விளம்பரமும் தொண்ணூறு நாள் சேலஞ்சும் வரிசையா வந்து நிக்கும். எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. அல்சூர்ல இருக்கேன், மூணாவதா பாத்த டயட்டீஷியன் கிட்டதான் எனக்கு சரியா அமைஞ்சுது. முதல் ரெண்டு பேர்கிட்ட போன காசும் மாசங்களும் உங்களுக்கு போகக்கூடாதுன்னுதான் இத எழுதுறேன்.

தேடறதுக்கு முன்னாடி ஒண்ணு உறுதி பண்ணிக்கோங்க, உங்களுக்கு இருக்கிறது நிஜமாவே பிசிஓஎஸ்தானா? ஸ்கேன்ல "நீர்க்கட்டி"ன்னு எழுதிருந்தா மட்டும் போதாது. பீரியட்ஸ் ஒழுங்கா வராம இருக்கிறது, ஆண் ஹார்மோன் ஜாஸ்தியா இருக்கிறது (ரத்த டெஸ்ட்ல தெரியலாம், இல்ல தாடையில முடி, விடாத பருன்னு வெளியவே தெரியலாம்), ஸ்கேன்ல சினைப்பை நீர்க்கட்டியோட தெரியறது, இந்த மூணுல கொறஞ்சது ரெண்டு இருக்கணும், அதோட தைராய்டும் ப்ரோலாக்டினும் (பால் சுரக்க வைக்கிற ஹார்மோன்) பாத்து அதுனால இல்லன்னு தெரிஞ்சிக்கணும். இன்னொண்ணு, நீர்க்கட்டிங்கிற பேர கேட்டு பயப்படாதீங்க, அது கட்டியே இல்ல, முழுசா வளராம பாதியில நின்னுபோன சின்னச் சின்ன முட்டைப்பைகள். வீட்ல டென்த், பிளஸ் டூ படிக்கிற பொண்ணு இருந்தா இன்னும் கவனமா இருங்க, அந்த வயசுல ஸ்கேன்ல அப்படி தெரியறது சகஜம், ஸ்கேன வச்சு அவங்களுக்கு முடிவு பண்ணக்கூடாதுன்னுதான் 2023-ல வந்த சர்வதேச வழிகாட்டுதலும் சொல்லுது.

அப்புறம் ஒரு ஃபைல் போடுங்க. சுகர் டெஸ்ட்ல வெறும் வயித்துல எடுக்கிறத விட 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுக்கிறதுதான் பிசிஓஎஸ் இருக்கிறவங்களுக்கு சரியா காட்டும், டாக்டர்கிட்ட கேட்டு அத எடுத்துடுங்க, கூடவே கொலஸ்ட்ரால், ஹீமோகுளோபின். ரொம்ப நாளா மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரை சாப்பிடுறீங்கன்னா பி12-உம் பாக்கணும், அந்த மாத்திரை பி12-அ கொறைக்கும், சைவம் சாப்பிடுறவங்களுக்கு அது இன்னும் சீக்கிரம் கொறையும். கடைசி ஆறு மாச பீரியட்ஸ் தேதிய ஒரு பேப்பர்ல எழுதி அந்த ஃபைல்லயே வச்சுக்கோங்க.

இப்போ ஆளு. நியூட்ரிஷனிஸ்ட்னு யார் வேணா போர்டு மாட்டிக்கலாம்ங்கிற நிலைமைதான் நம்ம ஊர்ல ரொம்ப காலமா. மூணு நாள் ஆன்லைன் கோர்ஸ் முடிச்சவங்களும் அதே பேர்லதான் வீடியோ போடுறாங்க. 2021-ல மத்திய அரசு கொண்டு வந்த துணை மருத்துவ தொழில்களுக்கான சட்டத்துல டயட்டீஷியனும் வர்றாங்க, ஆனா அதுக்காக நீங்க விசாரிக்காம இருக்க முடியாது. கேக்க வேண்டியது இது: உணவியல், ஊட்டச்சத்துல டிகிரி இருக்கா, எந்த காலேஜ், எந்த ஆஸ்பத்திரில இன்டர்ன்ஷிப் பண்ணாங்க, ஆர்டி இருக்கா. ஆர்டின்னா ரிஜிஸ்டர்டு டயட்டீஷியன், இந்தியன் டயட்டெடிக் அசோசியேஷன் பரீட்சை வச்சு குடுக்கிறது. ஆர்டி இல்லாதவங்க எல்லாம் மோசம்னு நான் சொல்ல மாட்டேன், கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் யுனிவர்சிட்டில எம்எஸ்சி முடிச்சுட்டு ஆஸ்பத்திரி வார்டுல வருஷக்கணக்கா வேல பாத்தவங்க ஆர்டி எழுதாமலும் இருக்கலாம். ஆனா "எங்க படிச்சீங்க"ன்னு கேட்டா கோவப்படுறவங்க கிட்ட போகாதீங்க, இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல.

எங்க தேடலாம்? உங்கள பாக்குற கைனகாலஜிஸ்ட் இல்ல எண்டோகிரைனாலஜிஸ்ட் (ஹார்மோன் டாக்டர்) கிட்டயே முதல்ல கேளுங்க, அவங்க கூட சேந்து வேல பாக்குற டயட்டீஷியன்னா மாத்திரைய மாத்தும்போது சாப்பாடும் சேந்து மாறும். மெடிக்கல் காலேஜோட இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிங்கள்ல, செயின்ட் ஜான்ஸ், ராமையா மாதிரி எடத்துல, டயட்டுக்குன்னு தனி டிபார்ட்மென்ட்டே இருக்கும், நேரா அங்க போய் பிசிஓஎஸ் பாக்குறவங்க யாருன்னு கேக்கலாம். காசு ஒரு பிரச்சனைன்னா கே ஆர் மார்க்கெட் பக்கத்துல வாணி விலாஸ் அரசு ஆஸ்பத்திரி இருக்கு, பெண்கள் ஓபில காட்டிட்டு டயட் ஆலோசனை உண்டான்னு அங்கயே விசாரிங்க, காலைலயே போயிடுங்க. ஐடி கம்பெனில இருக்கிறவங்க ஹெச்ஆர்கிட்ட ஒரு மெயில் போட்டு பாருங்க, இன்ஷூரன்ஸோட சேந்து டயட்டீஷியன் கன்சல்ட் ஃப்ரீயா குடுக்கிற கம்பெனிங்க இருக்கு, அது இருக்கிறதே பாதி பேருக்கு தெரியாது. கன்னடமோ இங்கிலீஷோ சரளமா வராத அம்மா, அத்தைகளுக்கு பாக்குறீங்கன்னா சென்னை, கோயம்புத்தூர்ல இருக்கிறவங்க கிட்ட வீடியோ கால்ல பேசுறது எவ்வளவோ நல்லது, வெள்ளப்படுது, முடி வளருது, ராத்திரி தூக்கம் இல்லன்னு மனசு விட்டு சொல்றதுக்கு பாஷை வேணும்ங்க.

அப்பாயின்ட்மென்ட் போடுறதுக்கு முன்னாடியே ஃபோன்ல நாலு விஷயம் கேட்டுடுங்க. பிசிஓஎஸ் கேஸ் அடிக்கடி பாக்குறீங்களா, என் ரத்த ரிப்போர்ட்ட பாப்பீங்களா, முதல் தடவ எவ்வளவு நேரம் குடுப்பீங்க, பவுடரோ மாத்திரையோ உங்க கிட்டயே வாங்கணுமா. கடைசி கேள்விக்கு "ஆமா, பேக்கேஜ்ல சேந்து வரும்"னு சொன்னா நன்றி சொல்லி வச்சிடுங்க.

இனி முதல் விசிட். எல்லாமே இங்கதான் தெரிஞ்சிடும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

நான் முதல்ல பாத்தவங்க பத்தே நிமிஷத்துல ஒரு பிரிண்ட் அவுட் குடுத்தாங்க. காலைல ஓட்ஸ், பதினோரு மணிக்கு க்ரீன் ஆப்பிள், மத்தியானம் ப்ரவுன் பிரெட், ராத்திரி சாலட். அப்போ நான் பிஜில இருந்தேன், அங்க என்ன போடுறாங்களோ அதுதான் சாப்பாடு, அடுப்பு கூட கிடையாது, அத அவங்க கேக்கவே இல்ல. மூணு வாரம் பசியோட ஓட்டுனேன், நாலாவது வாரம் ஒரு நாள் ராத்திரி முழு பிரியாணிய சாப்பிட்டுட்டு அழுதேன். ரெண்டாவது ஆளு அரிசி, பால், கோதுமை மூணையும் ஒரே நாள்ல நிறுத்த சொன்னாங்க, ஏன்னு கேட்டா பிசிஓஎஸ்னா அப்படித்தான்னு பதில்.

மூணாவதா பாத்த அக்கா முதல் அரை மணி நேரம் பேனாவ தவிர எதையும் கையில எடுக்கல. வீட்ல யாரு சமைக்கிறா, ஆபீஸ் கேப் எத்தன மணிக்கு வரும், சோறு எந்த கரண்டில எத்தன கரண்டி, காபி ஒரு நாளைக்கு எத்தன, சக்கரை எவ்வளவு, எத்தன மணிக்கு தூங்குவேன், கல்யாணம் குழந்தைன்னு ஏதாவது யோசனை இருக்கா, வெயிட்ட பத்தி யாராவது வீட்ல திட்டுறாங்களா, எல்லாம். ராத்திரி பத்து மணிக்கு ரெண்டு தோசைன்னு தயங்கி தயங்கி சொன்னேன். "தோசை இருக்கட்டும்மா, தொட்டுக்க என்ன?"ன்னு கேட்டாங்க. தேங்கா சட்னின்னு சொன்னதும், "அதோட ஒரு கப் சுண்டலோ ஒரு முட்டையோ சேத்துக்கோ, ஒன்பது மணிக்குள்ள சாப்பிடு, சாப்ட உடனே படுக்காம தெருவுல பத்து நிமிஷம் நடந்துட்டு வா, இந்த மாசம் இது மட்டும் போதும்". அவ்வளவுதான் முதல் மாச டயட்.

காரணத்தையும் ஒரு பேப்பர்ல வரஞ்சு காட்டுனாங்க. நம்மள்ல நிறைய பேருக்கு ரத்தத்துல சக்கரைய கட்டுப்படுத்துற இன்சுலின் சரியா வேல செய்யாது, அதனால உடம்பு இன்னும் ஜாஸ்தியா சுரக்கும், அந்த அதிக இன்சுலின் சினைப்பைய தூண்டி ஆண் ஹார்மோன கூட்டும், அதுல முட்டை முழுசா வளராம நிக்கும், பீரியட்ஸ் தள்ளிப்போகும். வெறும் மாவுச்சத்த மட்டும் சாப்பிடாம கூட பருப்பு, பயறு, முட்டை, கீரைன்னு இருந்தா ரத்தத்துல சக்கரை மெதுவா ஏறும். பெங்களூர்ல எல்லாரும் ராகிய குடி ராகிய குடின்னு சொல்லுவாங்க, ராகி நல்லதுதான், ஆனா வெல்லம் போட்டு மால்ட்டா குடிச்சா சக்கரை வேகமாதான் ஏறும், அதையே களியா கிண்டி கொள்ளு சாறோட, கீரையோட சாப்பிடுறது வேற. இப்படி நம்ம தட்டுல இருக்கிறத வச்சே ஏன் எதுக்குன்னு சொல்லித்தர்றவங்கதான் உங்களுக்கு வேணும். வீட்ல அம்மாவோ மாமியாரோ சமைக்கிறாங்கன்னா அவங்களையும் கூட்டிட்டு போங்க, நாம வந்து சொல்றத விட அவங்க நேரா கேட்டா வீட்ல சண்ட இல்லாம நடக்கும்.

எழுந்து வந்துட வேண்டிய எடங்களும் இருக்கு. "பிசிஓஎஸ்ஸ முழுசா குணப்படுத்திடுவேன்"னு சொன்னா, அது கட்டுப்பாட்டுல வச்சுக்கிற விஷயம், அப்படி ஒரு உத்தரவாதம் யாராலயும் குடுக்க முடியாது. டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்த சொன்னா, அது அவங்க வேலையே இல்ல. கீட்டோ (மாவுச்சத்த ரொம்ப கொறைக்கிற டயட்) மட்டும்தான், பட்டினி மட்டும்தான்னு ஒரே வழிய பிடிச்சு நின்னா, நான் மேல சொன்ன அந்த 2023 வழிகாட்டுதல்லயே எந்த ஒரு டயட்டும் மத்ததவிட ஒசத்தின்னு இல்லன்னு சொல்லியாச்சு. ஒரே மாசத்துல எட்டு கிலோன்னு ஆச காட்டுனாலும் வேண்டாம், எடை ஜாஸ்தியா இருக்கிறவங்களுக்கு 5-ல இருந்து 10 சதவீதம் கொறஞ்சாலே பீரியட்ஸ்லயும் சுகர்லயும் வித்தியாசம் தெரிய வாய்ப்பு இருக்கு, 70 கிலோன்னா மூணரைல இருந்து ஏழு கிலோ, அதுவும் மெதுவா. ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் பிசிஓஎஸ் வரும், அவங்களயும் வெயிட் கொற வெயிட் கொறன்னு சொன்னா அந்த ஆளுக்கு விஷயம் தெரியலன்னு அர்த்தம். உடம்ப பாத்து கிண்டல் பண்றவங்க, திட்டுறவங்க, அவங்க எவ்வளவு பெரிய பேரா இருந்தாலும் வேண்டாம். பிசிஓஎஸ் இருக்கிறவங்களுக்கு மனச்சோர்வும் பதட்டமும் சாப்பாட்டு மேல ஒரு பயமும் மத்தவங்கள விட ஜாஸ்தி வருது, திட்டி அனுப்புனா அது இன்னும் மோசமாகும். சாப்டுட்டு வாந்தி எடுக்கிறது, ஒளிஞ்சு சாப்பிடுறதுன்னு ஏதாவது இருந்தா தயவு செஞ்சு மறைக்காதீங்க, கலோரி கணக்கு போடுறதுக்கு முன்னாடி அத சொல்லியே ஆகணும்.

மூணு மாசம் டைம் குடுங்க. எச்பிஏ1சிங்கிற சுகர் டெஸ்ட்டே கிட்டத்தட்ட மூணு மாச சராசரியதான் காட்டும். வெயிட் மெஷின மட்டும் பாக்காம பீரியட்ஸ் தேதி, தூக்கம், சாயங்காலம் நாலு மணிக்கு வர்ற அந்த இனிப்பு ஆச, இடுப்பு அளவு எல்லாத்தையும் குறிச்சு வைங்க, எனக்கு எடை ரெண்டு கிலோதான் கொறஞ்சுது ஆனா 60 நாளுக்கு ஒரு தடவ வந்தது 38 நாளுக்கு வந்துச்சு. நடுவுல 90 நாள் தாண்டியும் பீரியட்ஸ் வரலன்னா டயட்டீஷியனுக்கு காத்திருக்காம டாக்டர்கிட்ட போங்க, கர்ப்பப்பை உள்சவ்வு தடிச்சிக்கிட்டே போறது நல்லதில்ல. குழந்தைக்கு ட்ரை பண்ண ஆரம்பிச்சாலும் ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடுங்க, மாத்திரை, சப்ளிமென்ட் எல்லாத்தையும் அப்போ திரும்ப பாக்கணும்.

மூணு மாசத்துக்கு அப்புறமும் உங்க கேள்விக்கு பதில் வரல, அதே பேப்பரதான் தேதி மாத்தி குடுக்கிறாங்கன்னா, சங்கடப்படாம வேற ஆள பாருங்க. கிளம்பும்போது அவங்க எழுதுன குறிப்பு, எடை, அளவு எல்லாத்துக்கும் ஒரு காப்பி கேட்டு வாங்கி அந்த ஃபைல்ல போட்டுக்கோங்க, அடுத்தவங்க கிட்ட முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது.