எரிமலைப் பகுதியில் புவிவெப்பம் தேடுவது எப்படி? துளையிடுவதற்கு முந்தைய ஆய்வு

ஆவி பொங்கும் இடத்திலேயே துளையிட்டால் போதும் என்று புதியவர்கள் பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். ஆழமான ஒரு கிணற்றுக்கே பல மில்லியன் டாலர் செலவாகும். அதை எங்கே தோண்டுவது என்பதைத் தரைமேல் ஆய்வுதான் சொல்ல வேண்டும்.

படி 1: களத்தை நடந்து பாருங்கள்

இளம் எரிமலைப் பாறைகள், பிளவுகள், ஊற்றுகள், வெளுத்துக் களிமண்ணாகிப்போன பாறைகள் அனைத்தையும் வரைபடத்தில் குறியுங்கள். பள்ளங்களில் ஹைட்ரஜன் சல்பைடும் கரியமில வாயுவும் தேங்கும். வாயுமானி இல்லாமல், துணையில்லாமல் அங்கே இறங்கவே கூடாது. நாற்றத்தை நம்பாதீர்கள், ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துவிடும்.

படி 2: ஊற்று நீரைச் சோதியுங்கள்

என்னைக் கேட்டால், ஆய்வின் உயிர்நாடி இதுதான். கொதிக்கும் சேற்றுக் குட்டைகளின் அமில நீர், ஆவியால் சூடான நிலத்தடி நீர் மட்டுமே; ஆழத்து வெப்பநிலையைக் கணிக்க அது உதவாது. நமக்கு வேண்டியது, ஆழத்திலிருந்து மேலே வரும், குளோரைடு மிகுந்த, அமிலமோ காரமோ இல்லாத நீர்.

அந்த நீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து எடுங்கள். சிலிக்காவை (பாறையிலிருந்து நீரில் கரையும் கனிமப் பொருள்) அளப்பதற்கான மாதிரியில் காய்ச்சி வடித்த நீரை உடனே சேர்த்து, பத்து மடங்கு நீர்க்கச் செய்யுங்கள்; இல்லாவிட்டால், ஆறும்போது சிலிக்கா பிரிந்து படிந்துவிடலாம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் சிலிக்கா இருந்தால், கரைந்த சிலிக்காவின் அளவிலிருந்து வெப்பநிலையைக் கணிக்கும் குவார்ட்ஸ் வெப்பமானிச் சமன்பாட்டின்படி ஆழத்து வெப்பநிலை சுமார் 209 டிகிரி செல்சியஸ். வழியில் குளிர்ந்த நீர் கலந்திருந்தால் இது குறைத்துக் காட்டும். சோடியம், பொட்டாசியம், மக்னீசியம் அளவுகளோடு ஒப்பிட்ட பிறகே நம்புங்கள்.

படி 3: மின்தடையை அளவிடுங்கள்

இயற்கையான மின்காந்த அலைகளைக் கொண்டு நிலத்தடி மின்தடையை அளக்கும் மக்னெட்டோடெல்லூரிக் முறை, பல கிலோமீட்டர் ஆழம் வரை காட்டும். பெரும்பாலும் 10 ஓம் மீட்டருக்கும் குறைவான ஓர் அடுக்கு தென்படும். அதையே வெந்நீர்த் தேக்கம் என்று எண்ணிவிடாதீர்கள்! அது தேக்கத்தை மேலே மூடியிருக்கும், மின்சாரத்தை எளிதில் கடத்தும் ஸ்மெக்டைட் என்ற களிமண். வெப்பம் ஏறத்தாழ 200 டிகிரியைத் தாண்டும்போது அந்தக் களிமண் வேறு கனிமங்களாக மாறுவதால், அடியில் மின்தடை உயர்கிறது. தேக்கத்தை அந்த அடியில்தான் தேட வேண்டும். ஆனால் பழைய வெப்பம் தணிந்த பிறகும் கனிமங்கள் அப்படியே இருக்கும் என்பதால், ஊற்று நீரின் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஈர்ப்பு அளவீடும் நுண்ணதிர்வுப் பதிவும் பிளவுகளைக் கண்டறியத் துணைபுரியும்.

படி 4: எல்லாவற்றையும் ஒரே குறுக்குவெட்டுப் படத்தில் வரையுங்கள்

வெந்நீர் எங்கே மேலெழுகிறது, எந்தப் பக்கம் வழிகிறது என்று அம்புக்குறி இடுங்கள். குளோரைடு ஊற்று, வெந்நீர் மேலெழும் இடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்தில்கூட இருக்கலாம். களிமண் மூடி மேல்நோக்கிக் குவிந்து, அதன்கீழே பிளவுகள் வெட்டிக்கொள்ளும் இடமே முதல் கிணற்றுக்கான இலக்கு. எரிமலை வாயுவில் கந்தக டை ஆக்சைடு இருக்கும் பகுதியைத் தவிருங்கள். அங்கே கிடைக்கும் அமிலத் திரவம் கிணற்றின் எஃகுக் குழாய்களை அரித்துவிடும்.