நூறும் ஐம்பதும்: வயல் வாடி சோலார்

மட்டக்களப்பு படுவான்கரையில், வயல் வாடியில் (காவல் குடிசையில்) யானைக் காவலுக்கு லைற் போட 100 வாற் சோலார் பனலோடு பழைய 50 வாற் ஒன்றையும் யாரோ பூட்டிக் கொடுத்திருந்தார்கள். உச்சி வெயிலிலும் பற்றரிக்கு 2.7 அம்பியர்தான் ஏறியது. பார்த்தால் இரண்டும் தொடராக இணைப்பு, ஒன்றின் பிளஸ் மற்றதின் மைனஸோடு. அப்படிச் சேர்த்தால் வோல்ட்தான் கூடும். தொடரில் சின்னப் பனல் விடுகிற மின்னோட்டம்தான் பெரியதற்கும். பனலிலிருந்து பற்றரிக்கு ஏறுகிற மின்னைக் கட்டுப்படுத்துகிற கொன்ட்ரோலர் எங்களுடையது மலிவான பிடபிள்யூஎம் (PWM) வகை. கூடுகிற வோல்ட்டால் அதற்குப் பிரயோசனமில்லை.

பனல்களின் பின்பக்க ஸ்டிக்கரில் இரண்டுக்கும் வேலை வோல்ட் (Vmp) 18 அளவில். சரி, அப்ப சமாந்தரம்தான். மின் வராமலிருக்கப் பனல்களைச் சாக்கால் மூடிவிட்டு, பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தேன். இப்ப மத்தியானத்தில் 7 அம்பியர் தாண்டுகிறது.

வோல்ட் வேறுபட்ட பனல்களை இப்படிச் சேர்க்கவேண்டாம். தனித்தனிக் கொன்ட்ரோலர் போடுங்கள்.