புரொஜெக்டர் வாங்கப் போகிறீர்களா? கடையின் இருட்டை நம்பாதீர்கள்

விளக்கை அணைத்துவிட்டுப் படம் போட்டுக் காட்டினால் எந்த புரொஜெக்டரும் அழகாகத்தான் தெரியும். ஆனால் கோலாலம்பூரில் இரவு ஏழு மணி ஆகாமல் இருட்டுவதில்லை. குடும்பம் கூடிப் படம் பார்க்கும் ஞாயிறு மதியத்தில் பால்கனிக் கதவு வழியே வெயில் கொட்டுகிறது. அந்த வெளிச்சத்தில் படம் எப்படித் தெரியும் என்று கேட்காமல் பணத்தை நீட்டுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு.

புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. ஒளி விழாத இடமே நமக்குக் கறுப்பாகத் தெரிகிறது. அறையில் வெளிச்சம் இருந்தால் அது சாம்பல் நிறமாகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூலைக்கு மூலை 100 அங்குலம் உள்ள திரையின் பரப்பு ஏறக்குறைய 2.8 சதுர மீட்டர். 500 ஆன்சி லூமென் (தர அமைப்பின் முறைப்படி அளந்த ஒளியின் அளவு) கருவி வைத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 180 லூமென்தான் கிடைக்கும். திரைச்சீலை விலக்கிய கூடத்தின் பகல் வெளிச்சம் அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். 120 அங்குலத்துக்கு ஆசைப்பட்டால் இன்னும் 30 விழுக்காடு மங்கும்.

விடியற்காலை மூன்று மணிக்கு ஐரோப்பியக் கால்பந்து பார்ப்பவருக்கு இந்தக் குறை எதுவும் இல்லை. அதே விலைக்கு அவ்வளவு பெரிய தொலைக்காட்சி கிடைக்காது.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘9000 லூமென்’ என்பதற்குப் பக்கத்தில் ஆன்சி அல்லது ஐஎஸ்ஓ என்ற தர அமைப்பின் பெயர் இல்லையென்றால் அந்த எண்ணைப் பொருட்படுத்தாதீர்கள். ‘4கே ஆதரவு’ என்பதும் அப்படித்தான். 4கே படத்தைக் கருவி வாங்கிக்கொள்ளும், அவ்வளவே. சுவரில் விழுவது வெறும் 1280 × 720 புள்ளிகளாக இருக்கலாம். நேட்டிவ் ரெசொலூஷன், அதாவது கருவி உண்மையில் வீசும் புள்ளிகளின் எண்ணிக்கை, என்ன என்று கேளுங்கள்.

தூரத்தை அளக்காமல் வாங்கிவிட்டுத் தவிப்பவர்களும் உண்டு. 100 அங்குலப் படத்தின் அகலம் 221 சென்டிமீட்டர். வீச்சு விகிதம் (படத்தின் அகலத்தைப் போல் எத்தனை மடங்கு தூரத்தில் கருவி இருக்க வேண்டும் என்ற கணக்கு) 1.5 என்றால் லென்ஸ் 3.3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மூன்று மீட்டர் அகலமே உள்ள கொண்டோ கூடத்தில் இது நடக்காது. உடனே கருவியை மூலையில் வைத்து, கோணலான படத்தைக் கீஸ்டோன் வசதியால் நிமிர்த்துவார்கள். அது படப்புள்ளிகளைத் தியாகம் செய்துதான் நிமிர்த்துகிறது; அடியில் ஓடும் வசன வரிகளைக் கிட்டே போய்ப் பாருங்கள், எழுத்தின் ஓரங்கள் பிசிறடிக்கும். தெரஸ் வீடுகளில் வேறொரு வம்பு: கருவியைக் கூரையில் மாட்டிய பிறகுதான் நடுவில் மின்விசிறி தொங்குவது கண்ணில் படும். விசிறியைச் சுழலவிட்டால் கதாநாயகன் முகத்தில் இறக்கையின் நிழல் ஓடும். நிறுத்தினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் யார் உட்காருவது?

உள்ளே இருக்கும் ஒலிபெருக்கி பெரும்பாலும் ஒப்புக்குத்தான். தனி ஸ்பீக்கருக்கும் பணம் ஒதுக்குங்கள்.

பல்பு வகைக் கருவி என்றால் அதன் ஆயுளையும் கேளுங்கள். 4000 மணி நேரப் பல்பு, நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் மூன்று ஆண்டுகூடத் தாங்காது. பல லேசர் கருவிகளுக்கு 20,000 மணி நேரம் என்று குறிப்பிடுகிறார்கள். ஆனால் விலை அதிகம். மாற்றுப் பல்பு எத்தனை ரிங்கிட், இங்கேயே கிடைக்குமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.