போர் எட்டாத ஊரில் ஆலை மூடியது ஏன்? வெளிநாட்டில் தொழில் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எத்தியோப்பியாவின் தெற்கே ஹவாசா என்று ஓர் ஊர். 2016-இல் அங்கே பெரிய தொழிற்பூங்கா திறந்தார்கள். ஆடைத் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளம் அப்போது மாதம் 26 டாலர்தான். ஆப்பிரிக்க நாடுகளுக்கு அமெரிக்கா தரும் அகோவா என்ற வரிச் சலுகையால் அங்கே தைத்த துணிக்கு அமெரிக்கச் சுங்க வரியும் இருக்கவில்லை. கால்வின் கிளைன், டாமி ஹில்ஃபிகர் பிராண்டுகளை வைத்திருக்கும் அமெரிக்க நிறுவனமான பிவிஎச் அங்கே ஆலை போட்டது. இந்தியா, இலங்கை நிறுவனங்களும் போயின.

2020 நவம்பரில் நாட்டின் வடகோடியிலுள்ள டிக்ரே பகுதியில் போர் மூண்டது. அந்தச் சண்டை ஹவாசா பக்கம் வரவே இல்லை. ஆனாலும் ஒரு வருடம் கழித்து, 2021 நவம்பரில், பிவிஎச் தன் ஆலையை மூடுவதாக அறிவித்தது.

பலர் செய்யும் முதல் தவறு இங்கேதான் இருக்கிறது. வரைபடத்தை விரித்து, "கலவரம் அங்கே, நம் யூனிட் இங்கே, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி" என்று நிம்மதி அடைவது. வன்முறையின் செலவு சாலை வழியாகத்தான் வரவேண்டும் என்றில்லை, சட்டம் வழியாகவும் வரும். டிக்ரேயில் நடந்த மனித உரிமை மீறல்களைக் காரணம் காட்டி, எத்தியோப்பியாவை அகோவாவிலிருந்து நீக்கப்போவதாக அதே 2021 நவம்பரில் அமெரிக்கா அறிவித்தது; 2022 ஜனவரி 1 முதல் நீக்கியது. சலுகை போனதும் பருத்தி டி-ஷர்ட்டுக்கு 16.5% வரி. 5 டாலர் டி-ஷர்ட் என்றால் 82 சென்ட். பாலியெஸ்டர் என்றால் 32%, அதாவது 1 டாலர் 60 சென்ட். ஆடைத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், பீஸுக்கு ஐந்து சென்ட் கூடினாலே பையர் வேறு நாட்டில் விலை கேட்பார். மலிவான கூலியால் மிச்சமானது முழுக்க இதில் கரைந்துவிடும். ஆகவே திட்ட அறிக்கையில் வரிச் சலுகை இல்லாமலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கில் ஆலை நிற்கவில்லை என்றால், நீங்கள் கூலியை நம்பிப் போகவில்லை, அந்நாட்டு அரசியலை நம்பிப் போகிறீர்கள்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். "எல்லாவற்றுக்கும் பாலிசி எடுத்திருக்கிறோம்" என்பார்கள். சாதாரணத் தீ பாலிசியில் போர் பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். அரசியல் வன்முறைக்குத் தனிக் காப்பு வாங்கினாலும், கட்டடமோ சரக்கோ சேதமானால்தான் பெரும்பாலும் பணம் வரும். உற்பத்தி நின்ற நஷ்டத்துக்கான காப்பும் வழக்கமாக அந்தச் சேதத்தோடு கட்டப்பட்டதே. ஹவாசாவில் நடந்தது போல வரிச் சலுகை போய் அடுத்த சீசன் ஆர்டர் வராமல் போனால், காட்டுவதற்கு எரிந்த சுவர்கூட இருக்காது. உலக வங்கிக் குழுமத்தின் முதலீட்டு உத்தரவாத அமைப்பான மிகா, நம் நாட்டு ஏற்றுமதிக் கடன் காப்பு நிறுவனமான இசிஜிசி போன்றவை வெளிநாட்டு முதலீட்டுக்குக் காப்பு தருகின்றன. ஆனால் பணம் போட்ட பிறகு இல்லை, போடுவதற்கு முன்பே போய்க் கேட்க வேண்டும். பாலிசியில் விலக்குகள் இருக்கும் பக்கத்தை முதலில் படியுங்கள், அப்புறம் பிரீமியத்தைப் பாருங்கள்.

மதில் கட்டி, காவலுக்கு ஆள் போட்டால் போதும் என்ற எண்ணமும் உண்டு. ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கின் காபோ டெல்காடோ மாகாணத்தில் பிரெஞ்சு எண்ணெய் நிறுவனமான டோட்டல் நடத்தும் 20 பில்லியன் டாலர் எரிவாயுத் திட்டத்தைப் பாருங்கள். 2021 மார்ச் 24 அன்று ஆயுதக் குழு தாக்கியது பக்கத்து ஊரான பால்மாவை. ஒப்பந்தக்காரர்களும் உள்ளூர்ச் சப்ளையர்களும் இருந்த ஊர் அது. ஊழியர்களை வெளியேற்றி, அடுத்த மாதமே ஒப்பந்தக் கடமைகளை நிறைவேற்ற முடியாத நிலை என்று டோட்டல் அறிவித்தது. அந்த அறிவிப்பை நீக்கியது 2025 நவம்பரில்தான். நான்கரை வருடம்! இந்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கு அதில் 30% பங்கு உண்டு. இங்கே பெரிய செலவு குண்டு அல்ல, காலம். போட்ட பணம் வருமானம் இல்லாமல் முடங்கிக் கிடப்பதற்கு என்ன வட்டி என்று எழுதாத திட்ட அறிக்கை முழுமையானதே இல்லை.

உலக அளவில் வன்முறையின் பொருளாதாரத் தாக்கம் 2023-இல் 19.1 டிரில்லியன் டாலர் என்றது உலக அமைதிக் குறியீடு. அறிக்கையின் முதல் பக்கத்தில் போட நன்றாக இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி ராணுவம், உள்நாட்டுப் பாதுகாப்புச் செலவு. உங்கள் ஆலைக்கு என்ன ஆகும் என்பதை அது சொல்லாது.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு வேறு. வன்முறையைப் புயல், மழை போல எண்ணுவது. 2016 அக்டோபரில் எத்தியோப்பியாவின் ஒரோமியா மாநிலத்தில் வெளிநாட்டார் ஆலைகளும் பண்ணைகளும் எரிக்கப்பட்டன. அந்தக் கோபத்துக்குப் பின்னால் நிலம் இருந்தது. பறிகொடுத்த உழவர்களுக்குக் கிடைத்த இழப்பீடு சொற்பம். ஆகவே இடம் பார்க்கப் போகும்போது மின்சாரம், தண்ணீர், துறைமுகத் தூரம் எல்லாம் கேட்பது சரி. கூடவே இதையும் கேளுங்கள்: இந்த நிலத்தில் முன்பு யார் உழுதார்கள்? அவர்களுக்கு எவ்வளவு கொடுத்தார்கள்? அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே வேலை உண்டா? அரசு அதிகாரியின் காரில் போன அன்று கேட்காதீர்கள். இன்னொரு நாள், உள்ளூர் மொழி தெரிந்த ஒருவரோடு போய் அந்த வீடுகளிலேயே கேளுங்கள்.