பெரிய குடும்பத்துக்கு உயில் மட்டும் போதாது: சொத்தை அடுத்த தலைமுறைக்கு மாற்றுவது எப்படி

இந்தியாவில் ஒருவர் இறந்தால் அவர் சொத்துக்கு வரி கிடையாது. எஸ்டேட் டூட்டி 1985-ல் போனது, கிஃப்ட் டாக்ஸ் 1998-ல் போனது. வரி பயம் இல்லாததால்தான் வசதியான குடும்பங்கள்கூட ஒரு உயிலை எழுதி பீரோவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் ஒரு மில், இரண்டு வாடகைக் கட்டடம், ஊரில் தோப்பு, டீமேட்டில் பங்குகள், அமெரிக்காவில் ஒரு மகள் என்று இருக்கிற வீட்டில் யாருக்கு எவ்வளவு என்பதில் வரும் சண்டையைவிட யார் நடத்துவது, யார் கையெழுத்து போடுவது, விலக நினைப்பவருக்கு எந்தக் கணக்கில் பணம் கொடுப்பது என்பதில்தான் பெரிய சண்டை வரும். சாதாரண உயில் இந்த மூன்றையும் தொடுவதே இல்லை. கீழே சொல்வது பெரும்பாலும் தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களுக்கு. மற்றவர்களுக்கு மாறுகிற இடத்தை ஆங்காங்கே சொல்கிறேன்.

முதலில் பட்டியல் போடுங்கள். எல்லோரும் சொல்வதுதான், ஆனால் எல்லோரும் ஒரு கேள்வியை விட்டுவிடுகிறார்கள்: இந்தச் சொத்து எனக்கு எப்படி வந்தது? சுயமாகச் சம்பாதித்து வாங்கியதா, பாகப்பிரிவினையில் வந்ததா, அப்பா உயிலில் கொடுத்ததா, கூட்டுக்குடும்பப் பணத்தில் என் பெயரில் வாங்கியதா? பத்திரம் உங்கள் பெயரில் இருப்பதாலேயே முழுச் சொத்தும் உங்களுடையது ஆகிவிடாது. பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும்தான் உயிலில் எழுத முடியும். மகள்களுக்கும் அதில் பிறப்புரிமை உண்டு. தமிழ்நாடு 1989-லேயே, அன்று திருமணமாகாத மகள்களுக்குக் கொடுத்தது. 2005 மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் உரிமை உண்டு என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. 20.12.2004-க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அது நிற்கும். "அப்போதே வாய்மொழியாகப் பிரித்துவிட்டோம்" என்பது கோர்ட்டில் எளிதில் எடுபடாது. இன்னொரு பக்கம், தாத்தா சொத்தெல்லாம் பூர்வீகம் என்று நினைப்பதும் தப்பு. தாத்தா சுயமாகச் சம்பாதித்து, 1956-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்து, அது அப்பாவுக்கு வந்திருந்தால் அது அப்பாவின் தனிச் சொத்துதான், பேரன் பங்கு கேட்க முடியாது. வக்கீலிடம் போகும்போது மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றோடு போய் ஒவ்வொரு சொத்துக்கும் இதை எழுத்தில் வாங்குங்கள். இது தெளிவாகாமல் மேற்கொண்டு எதைச் செய்தாலும் வீண்.

அப்புறம் நிலம், கட்டடம். இதில் நம் மாநிலத்தில் ஒரு நல்ல வசதி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. குடும்பத்துக்குள் செய்யும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 2023 ஜூலையிலிருந்து அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. பத்து கோடி கட்டடத்தையும் இந்தச் செலவில் மகனுக்கோ மகளுக்கோ மாற்றிவிடலாம். குடும்பத்துக்கு வெளியே என்றால் 7 சதவீதமும் 2 சதவீதமும் ஆகிவிடும். மருமகள், மருமகன் இந்தக் "குடும்பம்" என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள், அதைக் கவனியுங்கள். மனைவிக்கோ மருமகளுக்கோ கொடுத்தால் அந்தச் சொத்தின் வாடகை வருமானத்தை உங்கள் வருமானத்தோடு சேர்த்துத்தான் வரி போடுவார்கள். வயது வந்த பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான், மனசு மாறினால் நீங்களாக ரத்து செய்ய முடியாது. அதனால் இரண்டு விஷயத்தைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். ஒன்று, உங்கள் ஆயுள் வரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உரிமை. இரண்டு, பெற்றோரைக் கவனித்துக்கொள்வது இந்தப் பத்திரத்தின் நிபந்தனை என்று வெளிப்படையாக ஒரு வரி. 2007 மூத்த குடிமக்கள் சட்டப்படி பின்னால் ரத்து கேட்க அந்த வரிதான் பிடி. "அன்பினாலும் பாசத்தினாலும்" என்று மட்டும் எழுதிவிட்டு, பிறகு அதற்குள் நிபந்தனை ஒளிந்திருக்கிறது என்று வாதாட வேண்டிய நிலை எதற்கு? "என் காலத்துக்குப் பிறகே உனக்கு உரிமை" என்கிற மாதிரியும் எழுதிவிடாதீர்கள், தலைப்பில் செட்டில்மெண்ட் என்று இருந்தாலும் கோர்ட் அதை உயிலாகத்தான் பார்க்கும்.

மனைவிக்கு ஆயுள் உரிமை, அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு என்று எழுதுவது நம் ஊரில் சகஜம். இதில் ஒரு பெரிய குழி இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-வது பிரிவின்படி, ஜீவனாம்ச உரிமைக்குப் பதிலாகக் கொடுத்த ஆயுள் உரிமை முழு உரிமையாகவே மாறிவிடும் என்று 1977-ல் துளசம்மா வழக்கில் தீர்ப்பு. எப்போது மாறும், எப்போது மாறாது என்பதில் அதற்குப் பிறகு வந்த தீர்ப்புகள் ஒன்றோடொன்று இடிக்க, 2024 டிசம்பரில் இதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். என் யோசனை இதுதான்: மனைவிக்குத் தனியாக, முழு உரிமையோடு, வருமானம் வரும் ஒரு சொத்தைக் கொடுத்துவிடுங்கள், மற்றதை நேராகப் பிள்ளைகளுக்கு எழுதுங்கள்.

நாமினி பற்றிச் சுருக்கமாக. நாமினி சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார், வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர். பங்கு, மியூச்சுவல் ஃபண்டுக்கும் இதுதான் என்று 2023 டிசம்பரில் சக்தி யஸ்தானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே. உயிலில் ஒருவர், நாமினியில் இன்னொருவர் என்று விட்டுவைக்காதீர்கள். இரண்டு பெயரும் ஒன்றாக இருந்தால் பாதிச் சண்டை குறையும்.

சரி, தொழிலுக்கு வருவோம். குடும்பத்துக்குள் பேசிய பேச்சு கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. ரங்கராஜ் எதிர் கோபாலகிருஷ்ணன் என்று ஒரு வழக்கு. இரண்டு சகோதரர்கள், ஆளுக்கு 25 பங்கு, விற்பதானால் முதலில் தன் கிளைக்குள்தான் என்று ஒப்பந்தம். ஒரு கிளையின் மகன் அடுத்த கிளைக்கு விற்றுவிட்டார். உச்ச நீதிமன்றம் விற்பனை செல்லும் என்றது, காரணம் அந்த நிபந்தனை ஆர்ட்டிகிள்ஸில், அதாவது கம்பெனியின் உள்விதிகளில், இல்லை. அதனால் குடும்ப ஒப்பந்தத்தில் என்ன முடிவு செய்தாலும் ஆர்ட்டிகிள்ஸையும் அதற்கேற்பத் திருத்துங்கள்: பங்கை யாருக்கு விற்கலாம், விலையை யார் எந்த முறையில் கணிப்பது, எத்தனை தவணையில் பணம், மருமக்கள் பங்கு வைத்துக்கொள்ளலாமா, வேலைக்கு வரும் பிள்ளைக்கு என்ன தகுதி, டிவிடெண்ட் (பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபம்) குறைந்தபட்சம் எவ்வளவு. கடைசி விஷயத்தை அசட்டை செய்யாதீர்கள். கம்பெனியில் உட்கார்ந்திருக்கும் மகனுக்குச் சம்பளமும் காரும் இருக்கும், வெளியில் இருக்கும் மகளுக்குக் காகிதத்தில் மட்டும் பங்கு இருக்கும்.

பெரிய வீடுகளில் என்ன நடந்தது என்று பாருங்கள். திருபாய் அம்பானி 2002-ல் உயில் இல்லாமல் போனார், மூன்று வருஷம் கழித்து அம்மா நடுவில் நின்று பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. முருகப்பா குடும்பத்தில் 2017-ல் இறந்த எம்.வி. முருகப்பனின் மகள் வள்ளி அருணாசலம், குடும்பத்தின் பங்குகளை வைத்திருக்கும் ஹோல்டிங் கம்பெனியான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸில் இயக்குநர் இடம் கேட்டார், 2020 பொதுக்குழுவில் வாக்கெடுப்பில் தோற்றார், 2023-ல்தான் குடும்ப ஏற்பாடு ஆனது. டிவிஎஸ் குடும்பம் வேறு வழியில் போனது: 2020 டிசம்பரில் கிளைகளுக்குள் எழுத்தில் உடன்படிக்கை போட்டு, எந்தக் கம்பெனியை யார் நடத்துகிறார்களோ அந்தக் கிளைக்கே உரிமை போகும்படி, கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் வழியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைவர்கள் உயிரோடு, பேசிக்கொள்ளும் நிலையில் இருக்கும்போதே செய்ததுதான் அதில் கற்க வேண்டியது. வங்கிக் கடனுக்கு அப்பா கொடுத்த தனிப்பட்ட உத்தரவாதத்தையும் இந்தப் பேச்சில் சேர்த்துவிடுங்கள். வாரிசுக்கு வந்த சொத்தின் அளவு வரை வங்கி அதைத் துரத்தி வரும்.

அடுத்து டிரஸ்ட், அதாவது சொத்தை டிரஸ்டி என்ற பொறுப்பாளர் பெயருக்கு மாற்றி, நீங்கள் சொல்கிற பயனாளிகளுக்காக அவர் நடத்தும் ஏற்பாடு. இது யாருக்கு வேண்டும்? மைனர் பேரப்பிள்ளை, தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை, ஊதாரி மகன், ஒரே கையில் இருக்க வேண்டிய கம்பெனிப் பங்குகள். இன்னொரு காரணம் யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் முதல் காரணம். உங்களுக்கு மறதி நோய் வந்துவிட்டால் நீங்கள் எழுதிக் கொடுத்த பவர் பத்திரம் செல்லாது, உயில் இன்னும் உயிர்பெறவில்லை, கையெழுத்து போட ஆளில்லாமல் எல்லாம் அப்படியே நிற்கும், குடும்பம் உயர் நீதிமன்றம் போய்க் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டும். டிரஸ்டில் இருந்தால் அடுத்த டிரஸ்டி மறுநாளே நடத்துவார்.

டிரஸ்டில் பங்கு, ஃபண்ட் போடுங்கள். நிலம் போடும் முன் கணக்குப் பாருங்கள், டிரஸ்டுக்குக் குடும்பச் சலுகை கிடைக்காது, முழு முத்திரைத் தீர்வை. யாருக்கு எவ்வளவு என்று டிரஸ்டியின் விருப்பத்துக்கு விட்டால் உச்ச விகித வரி. பங்கைக் குறிப்பிட்டுவிட்டால் பயனாளியின் விகிதம். திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தால் வரியும் உங்கள் தலையில், பாதுகாப்பும் இல்லை. உங்களை நம்பி வாழும் பிள்ளைக்காக உயில் வழியாக ஒரே ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தினால் சாதாரண ஸ்லாப் வரிதான், சிறப்புக் குழந்தை உள்ளவர்கள் இதை அவசியம் கேட்டுப் பாருங்கள். கடன் கழுத்தை நெரிக்கும்போது அவசரமாக டிரஸ்ட் போட்டால் கடன்காரர்கள் அதை உடைத்துவிடுவார்கள், தொழில் நன்றாக ஓடும்போதே செய்ய வேண்டிய வேலை இது. டிரஸ்டியாகப் பிள்ளைகளோடு குடும்பத்துக்கு வெளியே ஒருவரையாவது போடுங்கள், அவரை மாற்றும் அதிகாரம் யாரிடம் என்பதையும் எழுதுங்கள்.

வெளிநாட்டு விஷயத்தில் வரி திரும்ப வருகிறது. இங்கே உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் கம்பெனிப் பங்குகளை நேரடியாக வாங்கி வைத்திருப்பவர் இறந்தால், 60,000 டாலருக்கு மேல் அமெரிக்க எஸ்டேட் டாக்ஸ், 40 சதவீதம் வரை. அந்த வரிக்கு இந்தியாவோடு ஒப்பந்தமும் இல்லை. அதே முதலீட்டை இந்திய மியூச்சுவல் ஃபண்ட் வழியாக வைத்தால் இந்தத் தலைவலி இல்லை. அமெரிக்காவில் குடியிருக்கும் மகளை டிரஸ்டில் பயனாளியாகப் போடும் முன் அந்த ஊர் ஆடிட்டரிடம் கேட்டே ஆக வேண்டும், வெளிநாட்டு டிரஸ்டுகளுக்கு அங்கே கடுமையான விதிகள். தோப்பையும் வயலையும் வெளிநாட்டில் வாழும் பிள்ளைக்கு உயிரோடு இருக்கும்போது எழுதிக் கொடுக்க அன்னியச் செலாவணிச் சட்டம் விடாது, உயிலில் எழுதினால் தடையில்லை. அவர்கள் இங்கே விற்ற பணத்தை ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை கொண்டுபோகலாம்.

இத்தனைக்கும் பிறகு மிச்சமிருப்பதற்கு உயில். "இதில் குறிப்பிடாத மற்ற எல்லாச் சொத்தும்" இன்னாருக்கு என்ற வரி இல்லாமல் முடிக்காதீர்கள். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை, ஆனால் இரண்டு சாட்சி கட்டாயம். உங்களைவிட இளையவர்களாக, உயிலில் எதுவும் பெறாதவர்களாகப் பாருங்கள், ஒருவர் டாக்டராக இருந்தால் நல்லது. முஸ்லிம்கள் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. கிறிஸ்தவர்களுக்குத் திருமணம் ஆனால் முன்பு எழுதிய உயில் ரத்து. தொழில் நடத்தும் நடுவயது மகன்களும் எழுதுங்கள்: உயில் இல்லாமல் ஒரு இந்து ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அம்மாவுக்கும் சம பங்கு போகும், பலருக்கு இது தெரியாது. சென்னையில் சொத்து இருந்தால் புரொபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) வேண்டுமா என்பதைப் புதிதாகக் கேளுங்கள், அந்தச் சட்டம் 2025 இறுதியில் மாறியிருக்கிறது.

உயிலில் இருப்பது இப்போதே யாருக்கும் தெரியக்கூடாது என்றால் உறையில் போட்டு சீல் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம், நீங்கள் உயிரோடு இருக்கும்வரை உங்களையோ நீங்கள் முறைப்படி அதிகாரம் கொடுத்தவரையோ தவிர வேறு யாரும் அதை வாங்க முடியாது. அப்படிச் செய்தால் எக்ஸிக்யூட்டரிடம் (உயிலை நிறைவேற்ற நீங்கள் நியமிப்பவர்) ரசீதின் நகலைக் கொடுத்துவிடுங்கள், எந்த அலுவலகம் என்பதையும் சொல்லுங்கள்.