கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டிய பக்கங்கள்: நிறுவனக் கடன் ஒப்பந்தங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குத் திட்ட அறிக்கையும் வங்கிக்கான கணக்கு விவரங்களும் தயாரித்துத் தருவது என் தொழில். ஆத்தூர் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) மில்காரர்கள், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்து விற்பவர்கள், விசைத்தறி வைத்திருப்பவர்கள், ஏற்காட்டில் காபித் தோட்டத்தைக் கம்பெனியாகப் பதிவு செய்து நடத்துபவர்கள் என்று பலரும் வருகிறார்கள். வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது வட்டி விகிதத்தைத்தான். அது முக்கியமானதுதான் என்றாலும், 1 கோடியே 60 லட்ச ரூபாய் கடனில் கால் சதவீத வட்டி வித்தியாசம் என்பது முதல் ஆண்டில் 40,000 ரூபாய். அந்த நாற்பதாயிரத்துக்காக இரண்டு மாதம் வங்கிக்கு நடப்பவர்கள், கடைசியில் கையில் வரும் பதினைந்து பக்கச் சாங்ஷன் கடிதத்தை (கடன் அனுமதிக் கடிதத்தை) ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிப்பதில்லை. பின்னாளில் தொழிலை நெரிக்கும் நிபந்தனைகள் அந்தப் பக்கங்களில்தான் இருக்கின்றன.

சாங்ஷன் கடிதம் வந்த நாளுக்கும் அதில் கையெழுத்திடும் நாளுக்கும் இடையிலுள்ள சில நாட்களில்தான் கடன் வாங்குபவரின் சொல்லுக்கு வங்கியில் மதிப்பு உண்டு. கடனை அனுமதித்த அதிகாரியும் அது நடைமுறைக்கு வர வேண்டும் என்று விரும்பும் காலம் அது. ஒரு நிபந்தனையை மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்டால், எல்லாவற்றுக்கும் இல்லாவிட்டாலும் சிலவற்றுக்காவது திருத்தக் கடிதம் வரும். பணம் கணக்கில் ஏறிய பிறகு அதே வேண்டுகோள் சலுகை கேட்பதாக ஆகிவிடுகிறது.

குறுகிய காலப் பணத்தில் நீண்ட காலச் சொத்து வாங்குவது

நான் அடிக்கடி பார்ப்பதும் அதிகம் கவலைப்படுவதும் இந்தத் தவறைப் பற்றித்தான். ஒரு சேகோ மில் உரிமையாளரின் கணக்கை அப்படியே சொல்கிறேன். அவருக்கு ஒரு கோடி ரூபாய் கேஷ் கிரெடிட் வரம்பு, அதாவது அன்றாடத் தேவைக்கு எடுத்துக் கட்டும் குறுகிய காலக் கடன், இருந்தது. ஆனி, ஆடி மாதங்களில் கிழங்கு வரத்து இல்லாததால் வரம்பில் பெரும்பகுதி எடுக்கப்படாமல் கிடந்தது. தவணையாக அடைக்கும் நீண்ட காலக் கடனான டெர்ம் லோனுக்கு விண்ணப்பித்தால் மதிப்பீடு, சட்டக் கருத்துரை என்று மூன்று மாதம் ஆகும் என்று நினைத்து, அந்த வரம்பிலிருந்தே 40 லட்சம் எடுத்து டிரையர் வாங்கினார். ஐப்பசியில் மரவள்ளி அறுவடை சூடு பிடித்தது. மாவுச்சத்தை அளந்து பாயிண்ட் கணக்கில் விலை பேசிக் கிழங்கைக் கொண்டுவந்து இறக்கும் விவசாயிக்குப் பணம் உடனே வேண்டும். அவருடைய கேஷ் கிரெடிட் கணக்கிலோ 96 லட்சம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது.

மீதி நான்கு லட்சம் இருக்கிறதே என்றுதான் அவர் எண்ணியிருந்தார். உண்மையில் அதுவும் இல்லை. கேஷ் கிரெடிட்டில் எடுக்கக்கூடிய தொகையை முடிவு செய்வது அனுமதிக்கப்பட்ட வரம்பு மட்டுமன்று, டிராயிங் பவரும்தான், அதாவது கையிலுள்ள சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் வைத்து வங்கி கணக்கிடும் தொகையும்தான். அவரிடம் அன்று 60 லட்சத்துக்குச் சரக்கும், 50 லட்சத்துக்கு வர வேண்டிய பாக்கியும் இருந்தன. அவர் கொடுக்க வேண்டிய சரக்குப் பாக்கி 20 லட்சம். ஆக நிகரம் 90 லட்சம். அதில் தொழில் நடத்துபவர் தாமே போட வேண்டிய பங்கான 25 சதவீத மார்ஜினைக் கழித்தால் டிராயிங் பவர் 67 லட்சத்து 50 ஆயிரம் மட்டுமே. 96 லட்சம் எடுத்திருந்த கணக்கு, வரம்புக்குள் இருப்பதாகத் தோன்றினாலும், 28 லட்சத்து 50 ஆயிரம் கூடுதலாக எடுத்த ஒழுங்கற்ற கணக்காக இருந்தது. டிரையர் சரக்கும் அன்று, பாக்கியும் அன்று என்பதால் டிராயிங் பவரில் அதற்கு இடமே கிடையாது. அந்தப் பருவத்தில் அவர் பாதித் திறனில்தான் மில்லை ஓட்டினார்.

இந்தத் தவறு வங்கியோடு நிற்பதில்லை. கம்பெனித் தணிக்கை அறிக்கை பற்றிய காரோ 2020 உத்தரவு பொருந்தும் நிறுவனமாக இருந்தால், குறுகிய கால நிதியை நீண்ட காலத் தேவைக்குப் பயன்படுத்தியிருக்கிறதா என்பதை அதன்படி தணிக்கையாளர் சொல்லியாக வேண்டும். அடுத்த முறை கடன் கேட்கும்போது வங்கி அந்த வரியைத்தான் முதலில் படிக்கும். இயந்திரத்துக்கு டெர்ம் லோன், கிழங்குக்குக் கேஷ் கிரெடிட் என்ற பிரிவை எந்த அவசரத்திலும் கலைக்கக் கூடாது. டெர்ம் லோன் வரத் தாமதமாகும் என்றால் இயந்திரத்துக்கான ஆர்டரைத் தள்ளி வைப்பதே நல்லது.

தவணைக் காலமும் தொழிலின் வருமானமும்

கடனைச் சீக்கிரம் அடைத்துவிட வேண்டும் என்பது நம்மூர்க்காரர்களின் நல்ல குணம். ஆனால் அந்தக் குணத்தை ஒப்பந்தத்தில் எழுதி வைப்பது தவறு. மேலே சொன்ன 1 கோடியே 60 லட்சக் கடனையே எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டில் அடைப்பதாக ஒப்புக்கொண்டால் ஆண்டு அசல் தவணை 32 லட்சம்; முதல் ஆண்டு வட்டி ஏறத்தாழ 18 லட்சம்; மொத்தம் 50 லட்சம். நிறுவனத்தின் வரிக்குப் பிந்தைய லாபம் 30 லட்சம், தேய்மானம் 20 லட்சம், அந்தக் கடனுக்கான வட்டி 18 லட்சம் என்று கூட்டினால், கடன் கட்டக் கையில் இருப்பது 68 லட்சம். 68ஐ 50ஆல் வகுத்தால் 1.36. கடன் சேவைத் திறன் விகிதம், அதாவது வங்கியில் டி.எஸ்.சி.ஆர். என்று சொல்வது, இதுதான். ஒப்பந்தத்தில் அது 1.25க்குக் குறையக் கூடாது என்று இருந்தால் தேறிவிடுகிறது.

ஒரு பருவத்தில் ஜவ்வரிசி விலை விழுந்து லாபம் 15 லட்சமாகக் குறைந்தால், அதே விகிதம் 53ஐ 50ஆல் வகுத்து 1.06 ஆகிவிடும். ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியிருந்தாலும் ஒப்பந்த நிபந்தனை மீறப்பட்டுவிட்டது. இதையே ஏழு ஆண்டுக் கடனாக வாங்கியிருந்தால் ஆண்டு அசல் 22 லட்சத்து 86 ஆயிரம்; வட்டியோடு சேர்த்து ஏறத்தாழ 41 லட்சம்; மோசமான ஆண்டிலும் விகிதம் 1.30 அளவில் நின்றிருக்கும். நீண்ட காலம் என்றால் மொத்த வட்டி கூடும் என்பது உண்மை. ஆனால் நல்ல ஆண்டில் கூடுதலாகக் கட்டிக் காலத்தைக் குறைத்துக்கொள்ள இப்போது வழியிருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களில், குறு, சிறு நிறுவனங்களிடம் வணிக வங்கிகள் முன்கூட்டிச் செலுத்துவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. சிறு நிதி வங்கி போன்ற சில வகை வங்கிகளுக்கு விதி சற்று வேறுபடும். நடுத்தர நிறுவனமாக இருந்தால் முன்செலுத்தல் கட்டண வரியைத் தேடிப் படித்துவிட்டே காலத்தை முடிவு செய்ய வேண்டும்.

ஏற்காட்டில் இந்தப் பொருத்தமின்மை இன்னும் கூர்மையாகத் தெரியும். பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டு அரபிகா மறுநடவு செய்தால் மூன்றாம், நான்காம் ஆண்டில்தான் குறிப்பிடத்தக்க காய்ப்பு வரும். காய்த்த பின்னும், கார்த்திகை முதல் தை வரை பழம் பறித்து, கூழ் நீக்கிக் காயவைத்து விற்று, பணம் கைக்கு வருவது ஆண்டுக்கு ஒரு முறைதான். நிழல் மரத்தில் ஏற்றிய மிளகு அதையொட்டிக் கொஞ்சம் தரும். இந்தத் தோட்டத்துக்கு ஓராண்டு தவணை விடுப்பும் அதன் பின் மாதத் தவணையும் கொண்ட கடனை நான் பார்த்திருக்கிறேன். ஆலைக் கடனுக்கான அச்சுப் படிவத்தை அப்படியே தோட்டத்துக்கும் போட்டிருந்தார்கள். வாங்கியவரும் கேட்கவில்லை. செடி காய்க்கும் வரை அசல் விடுப்பு, அதன் பின் விற்பனை முடியும் மாதத்தில் ஆண்டுத் தவணை என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டியதில்லை. திட்ட அறிக்கையிலேயே பறிப்புக் காலத்தை மாதவாரியாகக் காட்டினால் வங்கி அதிகாரிக்கும் அதை மேலிடத்துக்குப் பரிந்துரைப்பது எளிது.

தவணை விடுப்பு எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் தொகை வழங்கிய நாளிலிருந்தா, உற்பத்தி தொடங்கிய நாளிலிருந்தா? மின் இணைப்புக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஒப்புதலுக்கும் காத்திருந்தே விடுப்புக் காலம் முழுதும் கரைந்துபோன ஆலைகள் உண்டு. விடுப்பில் அசல்தான் நிற்கும், வட்டி நிற்காது. அந்த வட்டியை மாதந்தோறும் கட்ட வேண்டுமா, அசலில் சேர்ப்பார்களா என்பது கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

வட்டியைப் பற்றி ஒன்று மட்டும். 2019 அக்டோபர் முதல் குறு, சிறு நிறுவனங்களுக்கான மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் குறுகிய காலக் கடனின் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டுள்ளன. 2022 மே மாதத்துக்கு முன் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதமாக உயர்ந்தது. நம் எடுத்துக்காட்டுக் கடனில் அது ஆண்டுக்கு 4 லட்சம் கூடுதல் வட்டி. திட்ட அறிக்கையில் ஒரே வட்டியை ஏழு ஆண்டுக்கும் போட்டுக் கணக்கிடுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

ஜாமீன் கையெழுத்து

வீடு அம்மாவின் பெயரில் இருக்கிறது. அதை அடமானம் வைக்க அவரும் வர வேண்டும் என்பார்கள். வந்த இடத்தில் அடமானப் பத்திரத்தோடு ஜாமீன் பத்திரமும் நீட்டப்படும். எழுபது வயதில் அவர் மகன் காட்டும் இடத்தில் எல்லாம் கையெழுத்திடுவார். இரண்டும் ஒன்றல்ல என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. வீட்டை மட்டும் அடமானம் வைத்தால் அந்த வீடு வரைக்கும்தான் பொறுப்பு. ஜாமீன்தாரின் பொறுப்போ, ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லப்படாவிட்டால், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. கம்பெனி கட்டாவிட்டால் அவருடைய வைப்புத்தொகை, வேறு நிலம் எல்லாமே கணக்கில் வரும். கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்ற தனிநபர்கள் மீது திவால் சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்கவும் 2019 டிசம்பர் முதல் வழி உண்டு.

ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லலாம் என்று அந்த 128ஆம் பிரிவே இங்கே ஒரு வழியையும் வைத்திருக்கிறது. தொழிலில் பங்கில்லாத குடும்பத்தாரின் ஜாமீனை அவர்கள் தரும் சொத்தின் மதிப்புக்குள் வரையறுக்கும்படி கேட்கலாம். பல வங்கிகள் இதை ஏற்கின்றன. கேட்காதவர்களுக்கு வரையறையற்ற படிவமே தரப்படும். சொத்து அடமானமே இல்லாமல் கடன் உத்தரவாத நிதியமான சி.ஜி.டி.எம்.எஸ்.இ. வழியாகக் கடன் பெற முடியுமா என்றும் முதலிலேயே கேட்க வேண்டும். அதன் உச்சவரம்பு 2025 ஏப்ரல் முதல் 10 கோடி ரூபாய்.

ஒரே சொத்தை அண்ணன், தம்பி இருவரின் நிறுவனக் கடன்களுக்கும் சேர்த்து அடமானமாக நீட்டிக்கும் நிபந்தனையையும் நன்றாக யோசித்தே ஏற்க வேண்டும். அண்ணன் தன் கடனை முழுதும் அடைத்தாலும், தம்பியின் கடன் தீரும் வரை பத்திரம் வெளியே வராது.

கடன் ஓடும் காலத்தில்

நிபந்தனைகளில் பாதி, வங்கியின் முன்அனுமதி பெற வேண்டியவற்றின் பட்டியலாக இருக்கும். இயக்குநர் மாற்றம், வேறிடத்தில் புதிய கடன், லாப ஈவு, இயக்குநர்கள் போட்ட கடனைத் திரும்ப எடுப்பது ஆகியவை பெரும்பாலும் அதில் வரும். மகளின் திருமணத்துக்காகத் தான் போட்ட பணத்தைத்தானே எடுத்தேன் என்பார் ஒருவர். அந்தப் பணத்தைச் சொந்த முதலுக்கு நிகராகக் கருதியே வங்கி கடன் கொடுத்திருக்கும். ஆகவே கடிதம் எழுதி ஒப்புதல் பெறாமல் அதைத் தொடக் கூடாது. விற்பனைப் பணத்தை வேறு வங்கிக் கணக்கில் வாங்குவதும் இப்படித்தான் நிபந்தனை மீறலாகிறது.

வங்கிக்குத் தரும் சரக்கு, பாக்கி விவர அறிக்கையான ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை மாதக் கடமையாகவே வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் பழைய அறிக்கையின் அடிப்படையில் இருக்கும் நிலுவை ஒழுங்கற்றதாகக் கருதப்படும். அந்த நிலை தொடர்ந்து 90 நாள் நீடித்தால், வட்டி கட்டிக்கொண்டிருந்தாலும், கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். இல்லாத சரக்கை இருப்பதாக ஏற்றிக் காட்டுவது அதைவிடப் பெரிய ஆபத்து. வங்கிக்குக் கொடுத்த காலாண்டு அறிக்கைகள் கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பதை நிறுவனத்தின் நிதிநிலை அறிக்கையிலேயே குறிப்பிட வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் விதி.

தவணை தாமதமாகும் என்று தெரிந்தால், தாமதமாகும் முன்பே கிளைக்கு எழுத வேண்டும். தவறிய கணக்குகளை வாராக்கடன் ஆகும் முன் வங்கி எஸ்.எம்.ஏ. என்ற எச்சரிக்கை வகைகளில் வைக்கும்: ஒரு நாள் தவறினாலும் கணக்கு எஸ்.எம்.ஏ.-0, 30 நாள் தாண்டினால் எஸ்.எம்.ஏ.-1, 60 தாண்டினால் எஸ்.எம்.ஏ.-2, 90 தாண்டினால் வாராக்கடன். அதன் பின், அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின்படி 60 நாள் அறிவிப்பு வரலாம். மறுசீரமைப்பு கேட்பதற்கு முதல் இரண்டு கட்டங்களே ஏற்றவை. கைபேசியை அணைத்து வைத்துவிட்டு மூன்றாம் மாதம் என்னிடம் வருபவர்களுக்கு நான் செய்யக்கூடியது மிகக் குறைவு என்பது எனக்குப் பெரிய வருத்தம். தாமதத்துக்கான அபராதம் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும்: 2024 ஏப்ரல் முதல் அதைக் கட்டணமாக மட்டுமே விதிக்கலாம், வட்டி விகிதத்தோடு சேர்த்து ஏற்றவோ, அதன் மேல் வட்டி போடவோ கூடாது. கணக்கு அறிக்கையில் அப்படி இருந்தால் எழுதிக் கேளுங்கள்.

கடைசித் தவணை கட்டியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பது இன்னொரு தவறு. கொலுசு உற்பத்தி நிறுவனம் ஒன்று, கடனை அடைத்துப் பல ஆண்டுகள் கழித்து வேறு வங்கியை அணுகியபோது, வில்லங்கச் சான்றில் பழைய எம்.ஓ.டி. (பத்திரங்களை ஒப்படைத்து வைக்கும் அடமானம்) பதிவு அப்படியே நின்றது. கம்பெனிப் பதிவாளரிடமும் சொத்தின் மீதான பழைய கடன் பொறுப்புப் பதிவு தீர்க்கப்படாமல் இருந்தது. கடன் கொடுத்த கிளை இதற்குள் வேறு கிளையோடு இணைக்கப்பட்டிருந்ததால், கோப்பைத் தேடி எடுக்கவே வாரக்கணக்கில் ஆனது. கடன் தீர்ந்த 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் அந்தப் பொறுப்பு தீர்ந்ததைத் தெரிவிக்கும் சி.எச்.ஜி.-4 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். வங்கியிலிருந்து நிலுவையின்மைச் சான்றையும் மூலப் பத்திரங்களையும், முன்பு ஒப்படைத்த பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வாங்க வேண்டும். பிறகு வங்கி அதிகாரியைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரவழைத்து, கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணத்தைப் பதிவு செய்து, புதிய வில்லங்கச் சான்று ஒன்றை எடுத்து, அந்த ரசீது அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கோப்பைக் கட்டி வைக்கலாம்.