கதைப்பாடல் தொகுப்புகள்: முதல் பதிப்பு வாங்கும்போது ஏமாறும் இடங்கள்

ஆங்கில, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்களின் பழைய தொகுப்புகளைத் தேடுகிறவர்கள் அதிகம் சறுக்குவது வால்டர் ஸ்காட்டின் ‘மின்ஸ்ட்ரல்சி ஆஃப் தி ஸ்காட்டிஷ் பார்டர்’ நூலில்தான். மொத்தம் மூன்று தொகுதி. மூன்றிலும் 1803 என்று ஒரே ஆண்டு இருந்தால் பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் அது முதல் பதிப்பு செட் இல்லை. முதல் இரண்டு தொகுதிகளும் 1802இல் கெல்சோ என்ற சிற்றூரில் ஜேம்ஸ் பாலன்டைன் அச்சிட்டவை. மறு ஆண்டு மூன்றாம் தொகுதி புதிதாக வந்தபோது, முன்னவை இரண்டும் இரண்டாம் பதிப்பாக வெளிவந்தன. ஆக 1802, 1802, 1803 என்று ஒட்டாமல் நிற்பதுதான் அசல் செட். ‘ஆண்டு பொருந்தலையே’ என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். முதல் இரண்டின் தலைப்புப் பக்கத்தில், கீழே, கெல்சோ என்று இருக்கிறதா பாருங்கள்; விற்பவரிடம் மூன்று தலைப்புப் பக்கங்களின் படத்தையும் தனித்தனியே கேளுங்கள்.

தாமஸ் பெர்சியின் மூன்று தொகுதிக் கதைப்பாடல் தொகுப்பான ‘ரெலிக்ஸ்’ (1765) விஷயத்தில் தவறு வேறு மாதிரி. தையல் ஓரத்தில் வெட்டுப்பட்ட தாளின் துண்டு தெரிந்தால் யாரோ பக்கத்தைக் கிழித்துவிட்டார்கள் என்று பயப்படுவோம். பெர்சி அச்சான பிறகும் மனசு மாறுகிற ஆசாமி. பல தாள்களை எடுத்துவிட்டு மாற்றுத் தாள் வைத்தார். தொகுதிகளின் வரிசையைக்கூட மாற்றி, முதலில் அச்சானதையே மூன்றாவதாக ஆக்கினார். அதனால் துண்டைப் பார்த்ததும் விலையைக் குறைத்துப் பேசாமல், மாற்றுத் தாள் அங்கே இருக்கிறதா, பாட்டு விடாமல் தொடர்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு இரண்டு தொகுப்பு போட்டார். 1857இல் தொடங்கி எட்டுத் தொகுதியாக வந்த ‘இங்கிலீஷ் அண்ட் ஸ்காட்டிஷ் பாலட்ஸ்’ ஒன்று. எல்லோரும் தேடும் 305 பாடல்கள் கொண்டது மற்றொன்று. அதன் பெயரில் ‘பாப்புலர்’ என்ற சொல் கூடுதலாக இருக்கும். இது 1882 முதல் 1898 வரை பத்துப் பகுதிகளாக வந்தது. சைல்டு 1896இல் இறந்துவிட, பத்தாம் பகுதி அதற்குப் பிறகுதான் வெளியானது. சொல்லடைவும் அருஞ்சொற்பொருளும் அதில்தான் இருக்கின்றன. அது இல்லாத செட்டுக்கு முழு விலை கொடுக்காதீர்கள்.

அப்புறம், அட்டை தளர்ந்திருக்கிறது என்று பக்கத்துத் தெரு பைண்டரிடம் கொடுத்துவிடாதீர்கள். ஓரங்களைச் சீராக வெட்டி, பளபளப்பாகத் திருப்பித் தருவார், விலை பாதியாகிவிடும்.